பெரிய எழுத்தில் அனுப்பிய பஸ்

எழுதுவது என் வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதித் தேர்வு வரை படித்தவன். அதில் வாங்கிய புள்ளிகளை யாரும் கேட்காமல் இருப்பது நல்லது. கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கோடு என் மேசைப் பக்கம் வந்தால், கை கழுவுகிற இடத்துக்கு எழுந்து போய்விடுகிற ஆள் நான். நன்றாக எழுதக்கூடியவர்கள் இத்தனை பேர் இருக்க, நீ எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நன்றி நெடுநாளாக உள்ளேயே கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

போன வாரம் என் தங்கை மகனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வருவாயா என்று கேட்டேன், அவ்வளவுதான். அவன் சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறான். பதில் வந்தது: “வரேன் மாமா. ஆனா ஏன் இப்படி கத்துறீங்க?”

எனக்குப் புரியவில்லை. நான் போன்கூடப் பண்ணவில்லையே. அவன்தான் விளக்கினான். நான் அனுப்புகிற செய்தி எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே இருக்கிறதாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது கத்துகிற மாதிரி கேட்குமாம். பக்கத்தில் இருந்த என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இவரு கத்துறாராமா? பஸ்ஸுல பெல் அடிக்க வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வர்ற மனுசன்!”

உண்மைதான். ஆனால் பெரிய எழுத்து எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசிக்கப் போய், மனம் நான் முன்பு வேலை பார்த்த பாசிர் கூடாங்கில் போய் நின்றுவிட்டது.

நம் எழுத்தில் இந்தத் தொல்லை இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ‘அ’ என்றால் ‘அ’தான். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலும் நடுவில் வந்தாலும், மந்திரியின் பெயரில் வந்தாலும் மாட்டின் பெயரில் வந்தாலும் ஒரே உயரம். சாஆ என்கிற ஊரில் நான் படித்த தோட்டப் பள்ளியில் ஆங்கில வகுப்புக்குப் போன முதல் வாரம் எனக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. ஒரே எழுத்துக்கு எதற்கு இரண்டு உருவம்? அதை ஆசிரியையிடம் கேட்கத் துணிச்சல் இல்லை. இன்றைக்கு வரை யாரிடமும் கேட்கவில்லை. இப்போது உங்களிடம்தான் கேட்கிறேன்.

பள்ளி முடிந்து சில வருடம் அங்கும் இங்குமாக இருந்துவிட்டு, பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போக்குவரத்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். சரக்கு ஏற்றிப் போகிற லோரிகளுக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பதும், வேலையாட்களை ஏற்றி வருகிற கம்பெனி பஸ்களின் விவரம் பார்ப்பதும் என் வேலை. உருகிய பிளாஸ்டிக்கின் வாசனை தலைமுடியில் ஏறி, குளித்தாலும் போகாது. அதற்கு மேல் அச்சு இயந்திரத்தின் ரிப்பன் மை வாசனை. அந்த இயந்திரம் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியாது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் திரு ஓங் முதல் நாள் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: “செமுவா ஹுருப் பெசார், ஆ.” எல்லாம் பெரிய எழுத்து. அதற்குக் காரணம் இருந்தது. சீட்டு மூன்று தாளாக, நடுவில் கார்பன் வைத்து வரும். மூன்றாவது தாள் வாசல் காவலரிடம் போகும். சின்ன எழுத்தில் அடித்தால் அந்த மூன்றாவது தாளில் ஏ, ஈ, ஓ எல்லாம் ஒரே கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். காவலர் லோரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். லோரிக்காரர் என்னிடம் வந்து நிற்பார். அவர் பேசுவதை இங்கே எழுத முடியாது.

அதனால் எங்கள் கவுண்டரில் ஒரு பழக்கம் இருந்தது. சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டரில், பெரிய எழுத்துக்கான கேப்ஸ் லாக் விசையை ஒரு தடவை அழுத்திவிட்டு, யார் விரலும் தெரியாமல் அதன் மேல் படாதபடி மடித்த அட்டைத் துண்டு ஒன்றை மூடி மாதிரி வைத்து செலோடேப் ஒட்டிவிடுவோம். காலையில் வந்ததும் இயந்திரத்தைத் திறப்போம், விசையை அழுத்துவோம், மூடியை ஒட்டுவோம். கோயில் கதவைத் திறந்து விளக்கேற்றுகிற மாதிரி. வேறு எந்த அலுவலகத்திலும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

செலோடேப் என்றதும் பூண்டு வாசனை நினைவுக்கு வருகிறது. சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன். அந்த நாட்களில் சனிக்கிழமை மத்தியானம் ஜொகூர் பாருவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைவீட்டின் மேல் மாடி. கீழே மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடை. சன்னல் கண்ணாடி உடைந்து, செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும். அந்த இடுக்கு வழியாகப் பூண்டு வதங்குகிற வாசனை மேலே வரும். அங்கேதான் சி என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தேன். இன்றைக்கும் யார் வீட்டிலாவது பூண்டு தாளித்தால் எனக்கு அந்த மொழியின் வளைந்த அடைப்புக்குறிகள் ஞாபகம் வரும்.

அந்த மொழியில் எழுதுவதைச் சின்ன எழுத்தில்தான் எழுத வேண்டும். உள்ளே ஒரு எழுத்து பெரிதாகிவிட்டால் அது ஒத்துக்கொள்ளாது. ஆனால் எழுதி முடித்து, அதைச் சேமித்து வைக்கிற கோப்புக்கு என்ன பெயர் வைத்தாலும் சரி. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, எங்கள் வகுப்பு இயந்திரத்துக்கும் அலுவலக இயந்திரத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் சி எழுத்தும் இருந்தால் போதும். இது சி மொழி என்று கம்பைலர் புரிந்துகொள்ளும். கம்பைலர் என்பது நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றித் தருவது. நான் சாப்பாட்டு நேரத்தில் அட்டை மூடியைப் பிய்த்து, சின்ன எழுத்தில் பழகுவேன். மணி அடித்ததும் மூடியைத் திரும்ப ஒட்டிவிடுவேன்.

எதற்காகப் பழகினேன் என்று கேட்டால் முதலில் காரணம் ஒன்றும் இல்லை. பிறகு ரோசலின் அக்கா காரணமானார்.

ரோசலின் அக்கா லாயாங் லாயாங் என்கிற ஊரிலிருந்து வந்தவர். பேக்கிங் பிரிவில் வேலை. நான் வாடகைக்கு இருந்த அதே அடுக்குமாடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடற்குழுவில் பாடுவார். நான் கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைப்பேன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவருக்குப் பிள்ளை உண்டாகியிருந்தது. அதற்கு முன் ஒரு தடவை தங்காமல் போயிருந்தது. அதிகம் நடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கம்பெனி பஸ்ஸோ எங்கள் அடுக்குமாடிக்குள் வராது. பெரிய சாலைச் சந்திப்போடு நின்றுவிடும். சந்திப்பு வரை கொள்கலன் லோரிகள் போகிற சாலையின் ஓரமாக நடக்க வேண்டும். நடைபாதை கிடையாது.

“அந்த லோரி தாண்டுறப்ப காத்தே நம்மள உள்ள இழுக்குது தம்பி,” என்பார். “நான் வயித்தைப் புடிச்சிக்கிட்டு வேலிக் கம்பியோட ஒட்டி நிப்பேன். பாக்குறவங்க வேலியில காயப்போட்ட துணின்னு நெனச்சிருப்பாங்க.” சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வேலையை விடவும் முடியாது. வீட்டுக்காரர் விழுந்து காலை உடைத்துக்கொண்டு அப்போது வீட்டில் இருந்தார்.

பஸ்ஸை உள்ளே விடச் சொல்லி அக்காவும் மற்றப் பெண்களும் திரு ஓங்கிடம் கேட்டார்கள். அவர் கெட்டவர் இல்லை. “உள்ளே விட்டால் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்த ஷிப்டில், எந்த வாரம்? அதைத் தாளில் காட்டினால் நான் பஸ்காரரிடம் பேசுகிறேன்,” என்றார். ஆனால் ஷிப்டு வாரா வாரம் மாறும். புது ஆட்கள் வருவார்கள், பழையவர்கள் போவார்கள். கையால் எழுதி முடிப்பதற்குள் அந்த வாரமே போய்விடும். பஸ் குத்தகைக்காரர் ஹாஜி வருடத்தில் ஒரு நாள்தான் வழித்தடம் முடிவு செய்ய வருவார். அன்றைக்கு முடிவானது அடுத்த வருடம் வரை மாறாது. அந்த நாள் வரப்போகிற வெள்ளிக்கிழமை.

நான் யாரிடமும் சொல்லாமல் எழுதத் தொடங்கினேன். வேலையாட்களின் பெயர், ஷிப்டு, குடியிருக்கும் இடம் மூன்றையும் படித்து, எந்தப் பஸ்ஸில் யார், எங்கே ஏறுவார்கள் என்று பிரித்து அச்சடிக்கிற ஒரு சின்ன நிரல். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியாகக் குறிக்க new என்று ஒரு பெயர் கொடுத்திருந்தேன். பொய்ப் பெயர்கள் பத்துப் பதினைந்தைப் போட்டு என் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது. நிஜப் பெயர்கள் இருந்தது கம்ப்யூட்டர் அறையில், ஹனிபா அண்ணனின் பெரிய இயந்திரத்தில்.

ஹனிபா அண்ணனின் வாப்பா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் உட்காரப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர் அண்ணன். ஆனால் பேச்சு மட்டும் கல்லாப்பெட்டிப் பேச்சு. அவரிடம் உதவி கேட்க அந்த அறை வாசல் வரை இரண்டு மூன்று தடவை போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் வியாழக்கிழமை அவரே கதவைத் திறந்து, “என்னப்பா, குளுகுளுன்னு இருக்குதுன்னு வாசல்ல நிக்கிறியா? உள்ள வா லா,” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “நாளைக்குக் காலையில ஒன்னோட மெஷின்லேர்ந்து லைன்ல அனுப்பு. ஓட்டிப் பார்ப்போம்.”

வெள்ளிக்கிழமை காலை அனுப்பினேன். அந்தப் பக்கம் என்ன பெயரில் வைக்க வேண்டும் என்று இயந்திரம் கேட்டது. அட்டை மூடி இருந்த இடத்தில் இருந்தது. என் விரல் பழக்கப்படி அடித்தது: BUS.C.

கம்ப்யூட்டர் அறைக்குப் போனபோது ஹனிபா அண்ணன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். திரை முழுக்கப் பிழை. கீழே தள்ளினால் இன்னும் பிழை. new என்று நான் எழுதிய இடமெல்லாம் கம்பைலர் முறைத்துக்கொண்டு நின்றது. அண்ணனின் இயந்திரம் வேறு வகை, கம்பைலரும் வேறு. ஆனால் மொழி ஒன்றுதானே?

“அலமாக். இந்த new மேல இவனுக்கு என்ன கோவம்?” என்றார் அண்ணன்.

நான் எப்படிப்பட்டவன் என்றால், இயந்திரம் ‘நீ தப்பு’ என்று சொன்னால் சரி என்று ஒத்துக்கொள்கிறவன். மனிதர்கள் சொன்னாலும் அப்படித்தான். மீ கோரேங் கடைக்கு மேலே படித்த படிப்புக்கு இதுவே அதிகம் என்று நினைத்துக்கொண்டு, “பரவாலண்ணே, விட்டுடுங்க. நான் சரியா எழுதல போல,” என்று எழுந்தேன்.

“எங்க போற? ஒக்காரு லா. ஒன்னோட மெஷின்ல ஓடிச்சா இல்லையா?”

“ஓடிச்சி.”

“அப்ப தப்புன்னு நீயே ஏன் சொல்ற? எங்க வாப்பா கடையில புரோட்டா கருகினா மொதல்ல அடுப்பத்தான் பார்ப்பாரு. மாஸ்டர அப்புறம்தான் ஏசுவாரு.”

உட்கார்ந்தேன். பிழை வந்த வரிகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்றார். மத்தியானத்துக்குள் ஹாஜி வந்துவிடுவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. தட்டத் தொடங்குமுன் அண்ணன் நின்றார். “இரு, ஒரு காப்பி எடுத்துக்கிறேன். ஒன்னோட ஒரிஜினல்ல நான் கை வைக்க மாட்டேன். நீ எழுதுனது அப்படியே இருக்கட்டும்.”

நகல் எடுத்தார். பெயரை அவர் பழக்கப்படி சின்ன எழுத்தில் அடித்தார்: bus.c. எதையும் மாற்றுவதற்கு முன், ஆரம்பித்த இடம் தெரிய வேண்டும் என்று நகலை அப்படியே ஒரு தடவை கம்பைலரிடம் கொடுத்தார்.

பிழை இல்லை. ஒன்றுகூட இல்லை.

இருவரும் திரையைப் பார்த்தோம். அசலைத் திரும்பக் கொடுத்தார். திரை முழுக்கப் பிழை. நகலைக் கொடுத்தார். அமைதி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் இயந்திரத்திடம். ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை என்றது அது.

“யா அல்லா,” என்றார் அண்ணன். “இதுக்குப் பேயோட்டணுமா?”

பிறகுதான் அந்தக் கம்பைலரின் விளக்கப் பக்கங்களைத் திறந்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று மேசையைத் தட்டிச் சிரித்தார். விஷயம் இதுதான். பெயரின் கடைசியில் சின்ன c இருந்தால் அந்தக் கம்பைலர் அதைச் சி மொழி என்று எடுத்துக்கொள்ளும். பெரிய C இருந்தால், இது சி பிளஸ் பிளஸ் என்கிற வேறு மொழி என்று எடுத்துக்கொள்ளும். அந்த மொழியில் new என்பது மொழிக்கே சொந்தமான சொல். நம் இஷ்டத்துக்குப் பெயராக வைக்க முடியாது. என் இயந்திரத்தில் பெரியதும் சின்னதும் ஒன்று என்பதால் இத்தனை நாள் எனக்கு அது தெரியவே இல்லை.

“s எழுத்துக்கும் இதே கத வச்சிருக்கான் பாரு,” என்று அடுத்த வரியைக் காட்டினார். “பெரிய S-க்கு ஒரு நியாயம், சின்ன s-க்கு ஒரு நியாயம். சரி, நீ ஏன்பா பெரிய எழுத்துல அனுப்புன?”

அட்டை மூடியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. அப்புறம் என் தோளில் தட்டி ஒன்று சொன்னார். “பாத்தியா, நீ சரியாத்தான் எழுதியிருக்க. இவன் வேற மொழின்னு நெனச்சிப் படிச்சிருக்கான். அவ்ளோதான்.”

நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். அதற்கு முன் அந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் அசலிலேயே கை வைத்திருந்தால், பிழை காட்டிய வரிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டு, மத்தியானம் வரை போராடியிருப்போம். கடைசியில் நான்தான் தப்பு என்று இரண்டு பேரும் நம்பியிருப்போம். அடுத்தவன் எழுதியதைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுக்கிற மரியாதை அவரிடம் இருந்தது. அந்த மரியாதைதான் காரணத்தைக் காட்டிக் கொடுத்தது.

நிஜப் பெயர்களைப் போட்டு ஓட்டினோம். அச்சு இயந்திரம் கத்திக்கொண்டே தாள் தாளாகக் கக்கியது. தொழுகை முடிந்து ஹாஜி வந்தார். திரு ஓங் தாள்களை அவர் முன்னால் வைத்தார். என்னையும் ஹனிபா அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். “நீயே சொல்லுப்பா,” என்று அண்ணன் முழங்கையால் இடித்தார். என் வாயிலிருந்து வந்தது, “சுடா சியாப், துவான்” மட்டும்தான். முடிந்தது ஐயா என்று அர்த்தம். எது முடிந்தது என்று சொல்லவில்லை. மிச்சத்தை அண்ணன் சொன்னார். காலையில் நடந்த கூத்தை மட்டும் சொல்லவே இல்லை. நிரலை எழுதியது நான் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

ஹாஜி மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, எங்கள் அடுக்குமாடியின் பெயருக்குக் கீழே இருந்த பெயர்களை விரலால் தடவிக்கொண்டே போனார். “ராமாய் ஜுகா,” என்றார். நிறையப் பேர்தான் இருக்கிறார்கள். பிறகு திரு ஓங்கைப் பார்த்து, “ஏசோக் போலே மாசோக்.” நாளைக்கே உள்ளே வரலாம்.

சாயங்காலம் அடுக்குமாடிப் படிக்கட்டில் ரோசலின் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

“நெசமாவா? உள்ளயே வருமா? நம்ம குப்பைத்தொட்டி வரைக்கும்?”

“குப்பைத்தொட்டி தாண்டி வரும்க்கா.”

அவர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழப் போகிறாரோ என்று பயந்தேன். அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அவர் அழவில்லை. “அப்ப வேலிக் கம்பிக்கு இனிமே தொணைக்கு ஆளில்ல,” என்றார். வயிற்றைத் தட்டி, “கேட்டியா, பஸ்ஸு வருதாம்,” என்று உள்ளே இருந்த ஆளுக்கும் சொன்னார். அந்த ஆள் பெண் பிள்ளையாகப் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மைக் இல்லை. அதனால் கடைசி வரை இருந்தேன்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. கட்டடம் வேறு ஏதோ கம்பெனியின் கிடங்கு. கார்பன் தாள் போனது, ரிப்பன் போனது, காதைக் கிழித்த அச்சு இயந்திரம் போனது. ஹனிபா அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ போய்விட்டார். அவருடைய வாப்பா கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. ரோசலின் அக்கா குடும்பத்தோடு ஊர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். மகளுக்கு இப்போது கல்யாண வயது தாண்டியிருக்கும். கம்பெனி பஸ்ஸும் குறைந்துவிட்டது. சந்திப்பில் இப்போது மோட்டார் சைக்கிள்கள்தான். அட்டை மூடி போட்ட கேப்ஸ் லாக் உலகத்திலேயே அந்த ஒரு கவுண்டரில்தான் இருந்திருக்கும். அதுவும் போனது. விரல் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கைகழுவிவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்து, பெரிய C போட்டும் சின்ன c போட்டும் ஓட்டிப் பார்த்தான்.

“ஆமா மாமா, அது இன்னும் அப்படியேதான் இருக்கு,” என்றான். “யாரும் மாத்தல. நாங்கல்லாம் இப்ப வேற மாதிரி பேரு வச்சிக்கிறோம், கொழப்பம் வராது.”

எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. அவ்வளவும் போய்விட்ட பிறகு, எங்கள் இருவரையும் ஒரு காலை முழுக்க உட்கார வைத்த அந்த ஒரு விதி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. ஹனிபா அண்ணன் எங்காவது இதைப் படித்தால் சிரிப்பார். அண்ணே, அந்த அசலை நீங்கள் தொடாமல் விட்டதற்கு நன்றி.

ஹாஜி சொன்ன அந்த மறுநாள் சனிக்கிழமை. எங்கள் பிரிவுக்கு அன்று வேலை இல்லை, வகுப்புக்கும் மத்தியானம்தான் போக வேண்டும் என்பதால் காலையில் நானும் கீழே இறங்கி நின்றேன். மழை தூறியது. பஸ் குப்பைத்தொட்டியைத் தாண்டி வந்து நின்றது. ரோசலின் அக்கா குடையை மடக்கிக்கொண்டு ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பிப் போனது.